ஒற்றைச் சிகரெட்

நேயர்களுக்கு வணக்கம். வளரிளம் பருவத்துப் பிள்ளைகள் ஏன் புகைபிடிக்கத் தொடங்குகிறார்கள் என்று கேட்டால், 'சேர்க்கை சரியில்லை' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். முப்பது ஆண்டுகள் பள்ளி ஆசிரியராக இருந்த நான், அந்தச் சேர்க்கைக்கும் முந்திய ஓர் இடத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அது நம் தெருமுனைப் பெட்டிக்கடை.

எங்கள் பள்ளியின் பின்புறம் ஒரு கொய்யா மரம் நின்றது. கைக்கெட்டும் கிளைகளில் மட்டும் இலைகள் மிஞ்சுவதே இல்லை. ஆடுதான் மேய்கிறது என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். ஆடு எப்படி மதிற்சுவர் ஏறும் என்று எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்! ஒருநாள் மதிய இடைவேளைக்குப் பிறகு, ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் கொய்யா இலையை மென்றபடி வந்து நின்றான். வாய் நாற்றத்தை மறைக்கத்தான். திட்டாமல் உட்காரவைத்துக் கேட்டேன். "அப்பாவுக்கு வாங்கப் போய்ப் பழகினதுதான் சார்" என்றான். மூன்றாம் வகுப்பிலிருந்து தந்தைக்குச் சிகரெட் வாங்கிவந்தவன், ஒருநாள் மிச்சச் சில்லறையில் தனக்கும் ஒன்று வாங்கியிருக்கிறான். கடைக்காரர் எதுவும் கேட்கவில்லை. எப்போதும் வருகிற பையன்தானே!

பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்குப் புகையிலை விற்கக் கூடாது, கல்வி நிலையத்திலிருந்து நூறு கஜத்துக்குள் விற்கவே கூடாது என்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 'அப்பாவுக்கு' என்ற ஒரு சொல் அதைத் தாண்டிவிடுகிறது. சிகரெட் பெட்டியின் இருபுறமும் 85 விழுக்காடு இடத்தில் எச்சரிக்கைப் படம் இருக்க வேண்டும் என்பது 2016 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் ஒற்றையாக வாங்கும் சிறுவனின் கைக்கு அந்தப் பெட்டி வருவதில்லையே! இதை எங்கே போனாலும் சொல்கிறேன், இங்கேயும் சொல்கிறேன்: ஒற்றையாக விற்கும்வரை அந்தப் படத்தைப் பார்ப்பவர் கடைக்காரர் மட்டும்தான்.

2019இல் நம் நாட்டில் 13 முதல் 15 வயது மாணவர்களிடம் நடந்த ஆய்வில், சிகரெட் பிடித்தவர்களுள் 38 விழுக்காட்டினர் பத்து வயது நிறைவதற்கு முன்பே தொடங்கியதாகத் தெரிந்தது. பத்து வயதில் ஏது ஐயா கெட்ட சகவாசம்? மூளை முழுதாக வளர இருபது வயதுக்கு மேலும் சில ஆண்டுகள் ஆகும்; அதுவரை நிக்கோட்டின் எளிதில் பிடித்துக்கொள்ளும்.

ஆகவே முதற்காரியமாக, பிள்ளையைச் சிகரெட் வாங்க அனுப்பாதீர்கள். நீங்கள் புகைப்பவராயின், விட முடியாமல் படும் பாட்டை அவனிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நண்பர்கள் நீட்டும்போது எப்படி மறுப்பது என்பதை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். கண்ணாடிக்கு அப்பாலிருந்து நேரமாயிற்று என்று கைகாட்டுகிறார்கள். ஏற்கெனவே பழகிய பிள்ளையை அடிக்க வேண்டாம். புகையிலையை விட உதவும் தேசிய இலவசத் தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்: 1800 11 2356. மறுபடி சொல்கிறேன், 1800 11 2356. வணக்கம்.