பத்து வயதில் எதற்கு நிரந்தர இடம்?

(கோடைக்காலக் கால்பந்து முகாமின் தொடக்க நாளில் பெற்றோரிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

சேர்க்கைப் படிவத்தில் நாங்கள் கேட்காத ஒரு விவரத்தைப் பலர் எழுதியிருக்கிறீர்கள். ‘என் மகன் ஃபார்வர்ட்’, ‘என் மகள் விங்கர்’ என்று. முன்னால் நின்று கோல் அடிப்பவர் ஃபார்வர்ட், ஓரக் கோட்டையொட்டி ஓடுபவர் விங்கர். பிள்ளைக்கு ஒன்பது வயதுதான். பின்வரிசையில் இடது ஓரம் நின்று தடுக்கிற லெஃப்ட் பேக் என்று எழுதிய அப்பா மட்டும் ஒருவர்கூட இல்லை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதின்மூன்று, பதினான்கு வயது வரை எந்தப் பிள்ளையையும் ஒரே இடத்தில் கட்டிப்போடக் கூடாது.

கட்டிப்போடுவது ஏன் நடக்கிறது? ஞாயிற்றுக்கிழமைக் கோப்பைக்காகத்தான். வளர்த்தியான பையனைப் பின்னால் நிறுத்து, வேகமாக ஓடுகிறவனை முன்னால் அனுப்பு, இடதுகால்காரன் கிடைத்தால் யோசிக்காமல் லெஃப்ட் பேக். பத்து வயதுப் போட்டியில் இது நன்றாகவே பலிக்கும். கோச்சுக்குக் கோப்பை, உங்களுக்கு போட்டோ. பின்னால் நின்ற பையனோ “அடிச்சு விடுடா” என்ற ஒரே கட்டளையைக் கேட்டுக்கேட்டு, பந்து வந்தால் அடித்து விடுவதை மட்டும் பழகியிருப்பான்.

உடம்பும் நம் கணக்குக்குக் கட்டுப்படாது. ஆண்பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் பதின்மூன்று, பதினான்கில்தான் திடீர் வளர்ச்சி வரும். பெண்பிள்ளைகளுக்கு அதற்கு ஓரிரு ஆண்டு முன்பே. பதினொரு வயதில் மலைபோல் நின்றவன் பதினாறில் சராசரி ஆகிவிடுவான். நெதர்லாந்தின் வர்ஜில் வான் டைக் இளவயதில் ரைட் பேக். பதினேழு வயதுவாக்கில்தான் மளமளவென்று வளர்ந்து, பின்வரிசையின் நடுவில் நின்று தடுக்கிற சென்டர் பேக் ஆனார். பெல்ஜியம் கோல்கீப்பர் திபோ கோர்ட்வா சிறுவனாக லெஃப்ட் பேக் ஆடியவர். படிவத்தில் லெஃப்ட் பேக் என்று எழுதாத அப்பாக்கள் கவனிக்க!

ஆனால் உயரம் பாதிக் காரணம்தான். எனக்கு முக்கியம் கண். ஒவ்வொரு இடத்திலும் ஆட்டம் வேறு மாதிரி தெரியும். விங்கில் ஆடுகிறவனுக்கு ஒரு பக்கம் கோடு. அங்கிருந்து எதிராளி வர முடியாது, மறுபக்கத்தைப் பார்த்தால் போதும். அவனையே நடுவில் கொண்டுபோய் நிறுத்துங்கள். முதுகுக்குப் பின்னாலிருந்தும் ஆள் வருவான். பந்து வந்த பிறகு திரும்பிப் பார்த்தால் பறிபோய்விடும். பாஸ் வருவதற்கு முன்பே தோளுக்கு மேல் ஒரு பார்வை பார்த்து, யார் எங்கே என்று மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். இந்த ஒரு பழக்கத்தைப் பதினெட்டு வயதில் கற்றுக்கொடுத்துப் பாருங்கள், தெரியும் சிரமம். பத்து வயதில் நடுவில் நின்றவனுக்கு இரண்டு முறை பந்தைப் பறிகொடுத்ததும் தானாக வரும். சென்டர் பேக்குக்கு மொத்த மைதானமும் முன்னால் விரிந்து கிடக்கும். யார் நழுவுகிறான், எங்கே ஓட்டை விழுகிறது என்பதை அங்கிருந்து பார்த்துப் பழகியவன், பிறகு ஃபார்வர்ட் ஆனாலும் அந்த ஓட்டையைத் தேடித்தான் ஓடுவான்.

இதற்கு நம் நாட்டுக் கதை ஒன்று உண்டு. 1962, ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. இந்திய அணியின் தடுப்புச் சுவர் ஜர்னைல் சிங். தாய்லாந்துடன் ஆடியபோது தலையில் அடிபட்டுத் தையல் போட்டார்கள். தலையால் பந்தை முட்டி முட்டித் தடுக்க வேண்டிய இடத்தில் அவரை நிறுத்த முடியாது. வெளியே உட்காரவைக்கவும் மனமில்லை. பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம் அவரை சென்டர் ஃபார்வர்டாக அனுப்பினார். தென் வியட்நாமுடனான அரையிறுதியில் ஒரு கோல். இறுதிப் போட்டியில் தென்கொரியா, லீக் சுற்றில் நம்மை 2-0 என்று தோற்கடித்த அதே அணி. அரங்கமோ நமக்கு எதிராகக் கூச்சலிட்டுக்கொண்டிருந்தது. பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று. 2-1, தங்கம்.

நெருக்கடியில் செய்த மாற்றம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆடியதும் வளர்ந்த ஆள். ஆனால் தடுப்பாட்டக்காரனுக்கு எது பிடிக்காது என்பது தடுப்பாட்டக்காரனுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

அன்றைக்கு நம் கோல் கம்பத்தில் நின்றவர் பீட்டர் தங்கராஜ். ஹைதராபாத்தில் பிறந்தவர். ராணுவத்தில் சேர்ந்து மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணிக்கு ஆட வந்தபோது அவரும் சென்டர் ஃபார்வர்ட்தான். பிறகுதான் கோல்கீப்பர் ஆனார். ‘நீ ஃபார்வர்ட், அவ்வளவுதான்’ என்று யாராவது முடித்துவைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும், யோசியுங்கள்.

‘கோலி வேலை தனி வித்தை சார், சீக்கிரம் ஆரம்பிக்க வேண்டாமா?’ என்று போன ஆண்டு ஒருவர் கேட்டார். விழுவது, பிடிப்பது, கோணம் பார்த்து நிற்பது எல்லாம் தனிப் பயிற்சிதான். சிறுவயதிலேயே சொல்லிக்கொடுப்போம். அதற்காக மற்ற இடங்களில் ஆடாமல் இருக்க வேண்டியதில்லை. 1992-இல் விதி மாறிவிட்டது. சக ஆட்டக்காரன் வேண்டுமென்றே காலால் திருப்பிக் கொடுக்கும் பந்தை கோல்கீப்பர் கையால் தொடக் கூடாது. அன்றிலிருந்து கால் தெரியாத கோலிக்கு வேலை கஷ்டம்.

இன்னொரு கோடிக்கும் போய்விடக் கூடாது. சில கோச்சுகள் பத்து நிமிஷத்துக்கு ஒரு இடம் என்று பிள்ளைகளைச் சுற்றிவிடுவார்கள். அதில் யாருக்கும் எதுவும் பிடிபடாது. ஒரு இடத்தில் சில வாரமாவது நிற்க வேண்டும், அங்கே தோற்கவும் வேண்டும். பதினைந்து, பதினாறில் ஒன்றிரண்டு இடங்களை நிலையாக்கி அதன் நுணுக்கத்தைத் தீட்டுவது அவசியம்தான். நல்ல சென்டர் பேக் ஒரு கோடை முகாமில் உருவாகிவிட மாட்டான்.

சரி, இங்கே நடக்கப்போவது: சின்னவர்களுக்கு ஐந்து பேர் ஆட்டம், அடுத்த பிரிவுக்கு ஏழு பேர் ஆட்டம். ஆள் குறைந்தால் பந்து எல்லோர் காலுக்கும் வரும், ஓரமாக ஒளிந்து நிற்க இடமிருக்காது. யார் எங்கே என்பதை ஒவ்வொரு பதினைந்து நாளைக்கும் பலகையில் எழுதிப் போடுவோம். உங்கள் பிள்ளை பெயர் பேக் வரிசையில் இருந்தால் தண்டனை என்று நினைத்து எனக்கு போன் செய்ய வேண்டாம். கோட்டுக்கு வெளியே நின்று “ஷூட் பண்ணுடா” என்று கத்தவும் வேண்டாம். வீட்டுக்குப் போகும் வழியில் எத்தனை கோல் என்பதை விட்டுவிட்டு, இன்றைக்கு எங்கே நின்றாய், அங்கிருந்து என்ன தெரிந்தது என்று கேளுங்கள். முதல் வாரம் “ஒண்ணும் தெரியல” என்றுதான் சொல்வார்கள். அதற்கும் போன் செய்ய வேண்டாம்.