தண்ணீர் வந்த பிறகுதான் அரண்மனை

எல்லாருக்கும் வணக்கம். ஐரோப்பிய அரண்மனை ஒன்றைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். சரவிளக்கு, தங்கப்பூச்சு, ராணியின் கட்டில் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். முப்பது வருஷம் வாய்க்காலுக்கு வாட்டம் பார்த்துச் சம்பளம் வாங்கியவன் நான். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் என் கண் தேடுவது, இங்கே தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான். இத்தாலியில் நேப்பிள்ஸுக்கு வடக்கே உள்ள கசெர்த்தா அரண்மனையிலும் அதையேதான் தேடினேன்.

அதைக் கட்டியவர் நேப்பிள்ஸ் மன்னர் சார்லஸ். போர்போன் வம்சம், பிரான்சின் பதினான்காம் லூயிக்குக் கொள்ளுப்பேரன். கொள்ளுத்தாத்தா வெர்சாய் அரண்மனையைக் கட்டினார் என்றால் கொள்ளுப்பேரனுக்கும் ஒன்று வேண்டும்தானே. ஆனால் இடம் தேர்ந்ததற்குப் பின்னால் பயமும் இருந்தது. 1742இல் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் நேப்பிள்ஸ் வளைகுடாவுக்குள் வந்து நின்று, ‘போரிலிருந்து ஒதுங்குகிறாயா, குண்டு போடவா’ என்று கேட்டன. மன்னர் ஒதுங்கினார். கடலைப் பார்த்த மாளிகை பீரங்கியையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கும் என்று அன்று புரிந்திருக்க வேண்டும். போதாததற்குப் பக்கத்திலேயே வெசுவியஸ் எரிமலை. ஆகவே உள்நாட்டுச் சமவெளிக்குப் போகலாம் என்று முடிவானது. அங்கே வேட்டைக்காடும் இருந்தது. மன்னருக்கு வேட்டை என்றால் உயிர்.

கட்டடக் கலைஞர் லூயிஜி வான்வித்தெல்லி. அப்பா ஒரு டச்சு ஓவியர், வான் விட்டெல் என்று பெயர். இத்தாலிக்காரர்கள் வாயில் அது வான்வித்தெல்லி ஆகிவிட்டது. ரோமில் புனித பேதுரு பேராலயத்தின் குவிமாடம் விரிசல் விட்டபோது, அதைச் சுற்றி இரும்பு வளையங்கள் போட்டு இறுக்கியவர் இவர்தான். பூ வேலைப்பாட்டுக்காரர் மட்டுமில்லை, பாரம் எங்கே இறங்குகிறது என்று தெரிந்தவர். எனக்கு அவரைப் பிடித்துப்போனதே அதனால்தான்.

1752 ஜனவரி 20, மன்னரின் 36ஆவது பிறந்தநாள். அன்று அடிக்கல். வெறும் பொட்டல். அரண்மனையின் சுவர் எங்கெங்கே எழும்பப் போகிறதோ, அந்தக் கோட்டிலேயே படைவீரர்களை வரிசையாக நிறுத்தினார்கள். நான்கு மூலையிலும் பீரங்கிகள். நாம் சுண்ணாம்புப் பொடியால் கோடு போடுவோம். அவர்கள் ஆட்களை வைத்தே போட்டுவிட்டார்கள். அப்புறம் மன்னர் வெள்ளிக் கரணையை வாங்கிக் கல்லை வைத்தார்.

கட்டடம் எப்படி? உள்ளதைச் சொல்கிறேன், முகப்பு எனக்குப் பிடிக்கவில்லை. கிட்டத்தட்ட 250 மீட்டர் நீளத்துக்கு ஜன்னல், ஜன்னல், ஜன்னல். பெரிய கலெக்டர் ஆபீஸ் மாதிரி இருக்கிறது. நடுவில் ஒரு குவிமாடம், மூலைக்கொரு கோபுரம் என்று வான்வித்தெல்லி வரைந்துதான் வைத்திருந்தார். அவை எழும்பவே இல்லை. உள்ளே 1,200 அறைகள், நான்கு முற்றங்கள். அறை அறையாகப் போனால் கால் வலிக்கும், விடுங்கள்.

ஆனால் வாசலுக்குள் காலடி வைத்ததும் ஒன்று நடக்கிறது. கட்டடத்தின் வயிற்றை ஊடுருவிக்கொண்டு, தூண்களுக்கு நடுவே நீளமான நடைகூடம் ஒன்று நேராகப் போகிறது. அதன் மறுமுனை திறந்திருக்கிறது. அந்தத் திறப்புக்குள், மூன்று கிலோமீட்டர் தள்ளி, மலைச்சரிவில் வெள்ளை நூல் ஒன்று தொங்குகிறது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் அது அருவி. அரண்மனை முழுவதும் அந்த அருவியைப் பார்க்கச் செய்து வைத்த தொலைநோக்கி என்று தோன்றியது. அந்தக் காலத்து ஐரோப்பியக் கட்டட பாணியான பரோக் என்றால் வளைவும் நெளிவும் என்று படித்திருப்போம். இங்கே அந்த நாடகம் சுவரில் இல்லை, பார்வையில் இருக்கிறது.

அதே கூடத்தின் பக்கவாட்டில்தான் பெரிய படிக்கட்டு. 116 படிகள். பளிங்குச் சிங்கங்கள் இரண்டு காவலிருக்க, நேராக ஏறி, பிறகு இரண்டாகப் பிரிந்து திரும்பி மேலே போகிறது. அண்ணாந்து பார்த்தால் கூரையில் முட்டை வடிவத்தில் ஒரு திறப்பு, அதற்கு மேலே ஓவியம் தீட்டிய இன்னொரு கூரை. அந்த இரண்டுக்கும் நடுவில் வாத்தியக்காரர்கள் கண்ணில் படாமல் உட்கார்ந்து, மன்னர் படியேறும்போது வாசிப்பார்களாம்.

சரி, தண்ணீருக்கு வருகிறேன். கசெர்த்தாவில் இயற்கையான அருவி கிடையாது. அந்த மலையில் அவ்வளவு தண்ணீரும் கிடையாது. தபுர்னோ மலையடிவாரத்து ஊற்றுகளிலிருந்து 38 கிலோமீட்டருக்குக் கால்வாய் வெட்டிக் கொண்டுவந்தார் வான்வித்தெல்லி. பெரும்பகுதி நிலத்துக்கு அடியில், மலைகளைக் குடைந்து. பம்ப் இல்லை, மோட்டார் இல்லை, வாட்டம் மட்டும்தான். வாட்டம் கூடினால் கரை அரிக்கும், குறைந்தால் வண்டல் படியும். அதைவிட முக்கியம், வழியிலேயே உயரத்தைச் செலவழித்துவிட்டால் அருவிக்கு மிச்சம் இருக்காது. 38 கிலோமீட்டரும் கஞ்சத்தனமாக இறக்கி, கடைசியில் 78 மீட்டரை ஒரேயடியாகக் கொட்டவிட்டிருக்கிறார்!

வழியில் மத்தலோனி பள்ளத்தாக்கு குறுக்கிட்டது. அதன்மேல் தொட்டிப்பாலம் கட்டினார். மூன்று அடுக்கு வளைவுகள், 529 மீட்டர் நீளம், 55 மீட்டருக்கு மேல் உயரம். பழைய ரோமானியர்களின் பாணிதான். அதன் கீழே நின்று பார்த்தேன். கார் போகிற சாலை அந்த வளைவுகளில் ஒன்றுக்குள் நுழைந்து போகிறது. அரண்மனையை விட இதுதான் பெரிய வேலை என்பது என் கட்சி.

இதையெல்லாம் தூக்கிச் சுமந்தவர்கள் யார்? கூலியாட்களோடு சிறைக் கைதிகளும் இருந்தார்கள். கடலில் பிடிபட்டு அடிமைகளாக்கப்பட்ட வட ஆப்பிரிக்க முஸ்லிம்களும் இருந்தார்கள்.

1762 மே மாதம் தண்ணீர் வந்து சேர்ந்தது. அது பூங்காவோடு நிற்கவில்லை. மாவு மில்களை ஓட்டியது, நேப்பிள்ஸ் நகருக்கும் போனது. பக்கத்துச் சான் லெயூச்சோவில் பட்டு ஆலையை இயக்கியது. அந்தப் பட்டுக் குடியிருப்புக்கு 1789இல் ஒரு சட்டம் எழுதினார்கள். பிள்ளைகளுக்குக் கட்டாயப் பள்ளிக்கூடம், பெண்ணுக்கும் ஆணுக்கும் சம சொத்து, வரதட்சணை கூடாது. அரண்மனைக் கதையில் இப்படி ஒரு பக்கம் வரும் என்று நான் நினைக்கவே இல்லை.

பூங்காவை நடந்தே பார்க்க வேண்டும். பேருந்து இருக்கிறது, ஏறாதீர்கள். தொட்டி தொட்டியாகத் தண்ணீர் இறங்கி வருகிறது. கீழிருந்து பார்த்தால் விழுகிற தண்ணீர் மட்டும் தெரியும், தட்டையான தொட்டிகள் மறைந்துவிடும். மேலே போய்த் திரும்பினால் தொட்டிகள் மட்டும் தெரியும், வீழ்ச்சிகள் மறைந்துவிடும். ஒரே தண்ணீர், இரண்டு படம். உச்சிக்குக் கிட்டே வலப்புறம் ஆங்கிலத் தோட்டம் ஒன்று உண்டு. 1786இல் சார்லஸின் மருமகள், ராணி மரியா கரொலினா தொடங்கியது. அதில் பழசு போலத் தெரியும் இடிபாடுகளைப் புதிதாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். கொஞ்ச தூரத்தில், வெசுவியஸ் சாம்பலில் புதைந்த பொம்பெய் நகரையே தோண்டிக்கொண்டிருந்தவர்களுக்குப் போலி இடிபாடு எதற்கு என்று சிரிப்பு வந்தது.

1759இல் ஸ்பெயின் மன்னராக இருந்த அண்ணன் இறந்து, அந்த அரியணை சார்லஸுக்கு வந்தது. அவர் எட்டு வயது மகனை நேப்பிள்ஸில் உட்காரவைத்துவிட்டு மாட்ரிட் போனார், திரும்பவில்லை. இந்த அரண்மனையில் அவர் ஓர் இரவுகூடத் தூங்கியதில்லை. தண்ணீர் வந்த நாளிலும் அவர் இல்லை. வான்வித்தெல்லி 1773இல் இறந்தார், மிச்ச வேலையை மகன் கார்லோ பார்த்தார்.

அருவி விழுகிற இடத்துச் சிற்பங்கள் கார்லோ காலத்தவை. ஒரு பாறையில் ரோமானியர்களின் வேட்டைத் தேவி டயானாவும் தோழிகளும். எதிர்ப்பாறையில் ஆக்டியான் என்ற வேட்டைக்காரன். குளிக்கிற தேவியைப் பார்த்துவிட்டதால் அவனை மானாக மாற்றிவிடுகிறாள். தலை ஏற்கெனவே மான், உடம்பு இன்னும் மனிதன். அவன் வளர்த்த நாய்களே அவன்மேல் பாய்கின்றன. நான் நின்ற இடத்திலிருந்து ஒரு நாயின் பற்கள் வரை தெரிந்தன, சாரலில் நனைந்து பளபளத்தன. வேட்டைப் பித்தால் இந்த ஊருக்கு வந்த அரச குடும்பத்தின் ஜன்னலுக்கு நேர் எதிரே அந்தச் சிற்பத்தை வைத்திருக்கிறார்கள். யாருக்கும் உறுத்தவில்லை போலிருக்கிறது.