பிட்ஸ்பர்க் தட்டும் ஜூலு தட்டும்: இரண்டே வாரத்தில் குடலுக்கு என்ன ஆனது?

வணக்கம் மக்களே. போன வீடியோவின் கீழே வந்த கேள்விகளில் பாதி, மஞ்சளிலிருந்து எடுக்கும் குர்குமின் மாத்திரை பற்றித்தான். "அக்கா, குர்குமின் போட்டால் குடல் அழற்சி குறையுமா? புற்றுநோய் வராதா?" மாத்திரை விற்பவரைக் கேட்டால் தயாராக ஒரு பதில் வைத்திருப்பார். நான் இன்றைக்கு மாத்திரையை ஓரமாக வைத்துவிட்டு, 2015-இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்லப்போகிறேன். சாப்பாடு மாறினால் குடல் எவ்வளவு சீக்கிரம் மாறுகிறது என்பதை இதைப்போல நேரடியாகக் காட்டிய இன்னொன்றை நான் படித்ததில்லை.

ஸ்டீஃபன் ஓகீஃப், அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்து மருத்துவர். அவர் குழுவை உறுத்திய கணக்கு இது: ஆப்பிரிக்க வம்சாவளி அமெரிக்கர்களில் லட்சத்துக்கு 65 பேருக்குப் பெருங்குடல் புற்றுநோய் வருகிறது, தென்னாப்பிரிக்கக் கிராமங்களில் லட்சத்துக்கு 5 பேர்கூட இல்லை. தட்டில்தான் வித்தியாசமா? சரி, தட்டையே மாற்றிப் பார்ப்போம் என்று இறங்கினார்கள். பிட்ஸ்பர்க்கில் ஆப்பிரிக்க வம்சாவளி அமெரிக்கர்கள் 20 பேர், தென்னாப்பிரிக்காவில் ஜூலு மக்கள் வாழும் குவாசுலு-நடால் கிராமப்புறத்தில் 20 பேர், எல்லோரும் 50 வயதைத் தாண்டியவர்கள். முதலில் கொலோனோஸ்கோபி (கேமரா பொருத்திய குழாயைப் பெருங்குடலுக்குள் விட்டுப் பார்ப்பது) செய்து குடலின் உட்சுவரிலிருந்து துணுக்கு எடுத்து வைத்துக்கொண்டார்கள். அந்தப் பரிசோதனையிலேயே அமெரிக்கர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குப் பாலிப், அதாவது பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடிய சிறு சதை வளர்ச்சி, இருந்தது. ஆப்பிரிக்கர்களில் ஒருவருக்குக்கூட இல்லை.

அப்புறம் இரண்டு வாரத்துக்குச் சாப்பாட்டை மாற்றினார்கள். அமெரிக்கர்களுக்குச் சோளமாவுப் பண்டங்கள், கீரை, வெண்டைக்காய், தட்டைப்பயறு, மாம்பழம். அந்தக் கிராமத்து மக்களுக்குக் காலையில் மாட்டிறைச்சி சாசேஜும் பேன்கேக்கும், மதியம் பர்கரும் உருளைக்கிழங்கு வறுவலும். நாள் ஒன்றுக்கு 14 கிராம் நார்ச்சத்து சாப்பிட்டுக்கொண்டிருந்த அமெரிக்கர்கள் 55 கிராமுக்கு ஏறினார்கள். 66 கிராம் சாப்பிட்ட கிராமத்து மக்கள் 12-க்கு இறங்கினார்கள். கொழுப்பு அப்படியே எதிர்த்திசையில் போனது.

இரண்டு வாரம் கழித்து மறுபடி கொலோனோஸ்கோபி. அமெரிக்கர்களின் குடல் சுவரில் அழற்சிக்கான செல்கள் குறைந்திருந்தன. செல்கள் பெருகும் வேகமும் தணிந்திருந்தது. ஆப்பிரிக்கர்களுக்கு இரண்டுமே கூடிவிட்டன. எனக்கு ஒரு பக்கம் ஆச்சரியம், இன்னொரு பக்கம் அந்தக் கிராமத்து மக்களை நினைத்துச் சங்கடம். நல்லவேளை, இரண்டு வாரத்தோடு நிறுத்தினார்கள்.

உள்ளே என்ன நடக்கிறது? நார்ச்சத்தை நம்மால் செரிக்க முடியாது. பெருங்குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் அதை நொதிக்கவைத்து பியூட்டிரேட் என்ற பொருளைத் தருகின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு இதுதான் முக்கிய எரிபொருள். அழற்சியையும் இது அடக்கிவைக்கும். தட்டு மாறியதும் அமெரிக்கர்களிடம் பியூட்டிரேட் இரண்டரை மடங்கு ஆனது, ஆப்பிரிக்கர்களிடம் பாதியாகிவிட்டது. கொழுப்பு கூடினால் வேறொரு வேலை நடக்கிறது. அதைச் செரிக்கப் பித்தநீர் அதிகம் சுரக்கும். அதில் ஒரு பகுதி பெருங்குடலுக்குப் போய், பாக்டீரியாக்களின் கையில் வேறு அமிலங்களாக மாறி, சுவரை அரிக்கத் தொடங்கும். நார்ச்சத்தே கிடைக்காத பாக்டீரியா சும்மா இருக்குமா? குடலைப் போர்த்தியிருக்கும் சளிப்படலத்தையே தின்னும். இதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள்.



இந்த யோசனை புதிதும் இல்லை. உகாண்டாவில் வேலைபார்த்த டெனிஸ் பர்கிட் என்ற அயர்லாந்து அறுவை மருத்துவர் 1971-லேயே நார்ச்சத்தைக் காரணம் காட்டி எழுதினார். மலத்தின் எடை என்ன, உணவு உள்ளே போய் வெளியே வர எத்தனை மணி நேரம் என்றெல்லாம் கணக்கெடுத்த மனிதர். சிரிக்காதீர்கள், அது பெரிய வேலை.

இப்போது இந்தக் கதையின் மறுபக்கம். மேலே சொன்ன ஆய்வில் யாருடைய புற்றுநோயும் தடுக்கப்படவில்லை. 40 பேர், இரண்டு வாரம், அழற்சியின் அடையாளங்கள் மாறின, அவ்வளவுதான். 2000-இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்கச் சோதனையில், ஏற்கெனவே பாலிப் எடுத்த 2,000 பேர் வரை நான்கு ஆண்டுகள் கண்காணிப்பில் இருந்தார்கள். ஒரு பாதிப்பேருக்குக் கொழுப்பு குறைந்த, நார்ச்சத்து கூடிய சாப்பாடு. இரண்டு பக்கமும் ஏறக்குறைய 40 சதவீதம் பேருக்குப் பாலிப் திரும்ப வந்தது. வித்தியாசமே இல்லை! பாலிப் புற்றுநோயாக மாறப் பத்து ஆண்டுக்கு மேலும் ஆகலாம், நான்கு ஆண்டு போதாது என்கிறார்கள். இருக்கலாம். என் கணிப்பு, அறுபது வயதில் தட்டை மாற்றுவதும் பிறந்ததிலிருந்தே அப்படிச் சாப்பிடுவதும் ஒன்றில்லை.

2018-இல் ஒன்றேகால் லட்சத்துக்குச் சற்றுக் குறைவான அமெரிக்கச் செவிலியர்கள், சுகாதார ஊழியர்களின் 26 ஆண்டுக் கணக்கு வந்தது. இரத்தத்தில் அழற்சி கூட்டும் வகையில் சாப்பிட்டவர்களில், ஆண்களுக்கு 44 சதவீதமும் பெண்களுக்கு 22 சதவீதமும் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து கூடுதல். ஆனால் அவர்கள் வைத்த அளவுகோலில் அழற்சி குறைக்கும் பக்கம் என்னென்ன இருந்தது தெரியுமா? கீரை, காபி, டீ... கூடவே பீட்சா, பீர், ஒயின்! எந்த உணவு எந்த இரத்த அளவோடு சேர்ந்து வருகிறது என்று புள்ளியியலில் எடுத்த பட்டியல் அது. மதுவே பெருங்குடல் புற்றுநோய்க்கு ஒரு காரணம் என்பது உறுதியான விஷயம். அதனால் "அழற்சி எதிர்ப்பு உணவு" என்று யாராவது பட்டியல் நீட்டினால் கொஞ்சம் நிதானியுங்கள்.

நம் தட்டுக்கு வருகிறேன். 100 கிராம் அரிசியில் நார்ச்சத்து 3 கிராம்கூட வராது. அதே அளவு கேழ்வரகில் 11, கொண்டைக்கடலையில் 25. எல்லாம் சமைப்பதற்கு முந்தைய எடை. சோற்று மலைக்கு நடுவே ஒரு கரண்டி பொரியல் வைத்துவிட்டு "நாங்கள் சைவம், எங்களுக்கு ஒன்றும் வராது" என்பதில் பொருளில்லை. சுண்டலைக் கூட்டுங்கள், ஆனால் ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பி என்னைத் திட்டுவீர்கள். குடலில் அடைப்போ, குரோன்ஸ் என்ற நாள்பட்ட குடல் அழற்சி நோயோ இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். ஆறிய சோற்றில் நார் போல வேலைசெய்யும் மாவுச்சத்து கொஞ்சம் கூடும், உண்மை. பழைய சோறு புற்றுநோயை விரட்டும் என்று ஃபார்வர்டு செய்யும்போது மட்டும் என் பெயரைப் போடாதீர்கள்.

சாசேஜ், சலாமி, பேக்கன் பிரியர்களுக்கு: பதப்படுத்திய இறைச்சியை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் முதல் பிரிவில், அதாவது புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றில், சேர்த்தது. தினம் 50 கிராம் என்றால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து சுமார் 18 சதவீதம் கூடும். எப்போதாவது ஒரு துண்டுக்குப் பதற வேண்டாம்.

சாப்பாட்டைவிட எனக்குக் கவலை வேறொன்றில். மலத்தில் இரத்தம் வந்தால் நம் ஊரில் "மூலம், சூடு" என்று சொல்லி, சுவரொட்டியில் பார்த்த வைத்தியரிடம் மாதக்கணக்கில் மருந்து வாங்குவார்கள். மூலமாகவே இருக்கலாம். அதை ஒரு மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். சில வாரங்களாக மலம் போகும் பழக்கம் மாறியிருந்தாலும், காரணம் தெரியாமல் எடை இறங்கினாலும், ஆண்களுக்கோ மாதவிடாய் நின்ற பெண்களுக்கோ இரும்புச்சத்துச் சோகை வந்தாலும் உடனே போங்கள். அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்களில் யாருக்காவது பெருங்குடல் புற்றுநோய் வந்திருந்தால் அறிகுறிக்கே காத்திருக்க வேண்டாம். அமெரிக்காவில் 2021 முதல் பரிசோதனை தொடங்கும் வயதை 50-இலிருந்து 45-ஆகக் குறைத்துவிட்டார்கள்.

"கொலோனோஸ்கோபி வலிக்குமா?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். பெரும்பாலும் மயக்கம் கொடுத்துத்தான் செய்வார்கள், தம்பி. சிரமம் எல்லாம் அதற்கு முந்தைய நாள் குடலைக் கழுவக் குடிக்கச் சொல்லும் மருந்தில்தான். மருத்துவர் அனுமதித்தால் குளிரவைத்துக் குடியுங்கள், கழிவறைக்குப் பக்கத்திலேயே இருங்கள், மறுநாள் காலை கூட்டிப்போக ஒருவரை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.