ரோபோவுக்குப் பாட்டி குரல்

வணக்கம் நேயர்களே. செந்தூலில் சிறப்புக் கல்வி வகுப்பு எடுக்கிற டீச்சர் நான். சிறப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிற ரோபோவைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள், எனக்கோ வீட்டு டிவி ரிமோட்டே தகராறுதான், இருந்தாலும் பார்த்ததைச் சொல்கிறேன்.

அறிவுத்திறன் குறைபாடு உள்ள பிள்ளைக்கு ஒரு வேலை படிய வேண்டுமென்றால் அதையே, அதே வார்த்தையில், திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். கை கழுவுவதையே எடுங்கள். குழாயைத் திற, நனை, சவுக்காரம் போடு, தேய், அலசு, குழாயை மூடு, துடை. முதல் தடவை கொஞ்சிக்கொண்டு சொல்வோம். பதினைந்தாவது தடவை நம் குரலே மாறிவிடும், பிள்ளை பாடத்தை விட்டுவிட்டு நம் முகத்தைப் பார்த்து மிரள ஆரம்பித்துவிடும். ரோபோவுக்குச் சலிப்பும் இல்லை, சுளிக்கிற முகமும் இல்லை. இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழகம் செய்த காஸ்பர் ரோபோவுக்கு வேண்டுமென்றேதான் எளிமையான முகம் வைத்தார்கள். அதை ஓங்கி அடித்தால் வலிக்கிறது என்று சொல்லும். அதைக் கேட்கவே மறுபடி அடிக்கிற வாலுகளும் உண்டு, அப்போது பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும்.

நம் மலேசியாவிலும் இது புதிதில்லை. ஷா ஆலம் மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 58 சென்டிமீட்டர் உயரமுள்ள, மனித உருவ நாவோ ரோபோவை ஆட்டிசம், அதாவது மற்றவர்களோடு பேசிப் பழகுவதில் சிரமம், உள்ள பிள்ளைகளிடம் பழக விட்டு 2012-லேயே கட்டுரை எழுதிவிட்டார்கள். ஆட்டிசம் வேறு, அறிவுத்திறன் குறைபாடு வேறு, சில பிள்ளைகளுக்கு இரண்டும் இருக்கும். ஆய்வுகளில் பெரும்பாலானவை ஆட்டிசத்தைப் பற்றித்தான், அதனால் விற்பனைக்கு வருபவர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் கொஞ்சம் உஷாராக இருங்கள். இன்னொன்று, தானாகப் பேசுவது மாதிரி தெரிகிற பல ரோபோக்களைப் பக்கத்து அறையில் ஒருவர் மடிக்கணினியோடு உட்கார்ந்து இயக்கிக்கொண்டிருப்பார்.

எங்கள் வகுப்புக்கு ஒரு ரோபோவைச் சில வாரங்கள் இரவல் வாங்கினோம். அது ஆங்கிலம்தான் பேசியது. பத்து வயதுப் பையன் ஒருவன், வீட்டில் பாட்டியோடு தமிழ் மட்டும்தான். ரோபோ ‘சோப்’ என்றது, அவன் அதன் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போய்விட்டான். சரி என்று பாட்டியைக் கூப்பிட்டு, ஏழு வரியையும் பதிவு செய்து அதற்குள் போட்டோம். “சவுக்காரம் போடுய்யா” என்று அது சொன்னதும் பையன் நிமிர்ந்தான். எழுந்து ரோபோவின் முதுகுப் பக்கம் போய்ப் பார்த்தான், மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தான், கடைசியில் கதவைத் திறந்துகொண்டு வராந்தாவுக்கே ஓடிவிட்டான், பாட்டியைத் தேடி.

அன்றைக்குப் பாடம் நடக்கவில்லை. மறுநாள் பாட்டியையே ரோபோவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். அது சொல்லும், பாட்டி செய்து காட்டுவார், அவன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கையை நீட்டுவான். அந்தப் பார்வைக்காகத்தான் இவ்வளவு பாடுபட்டதும்.

ரோபோவைத் திருப்பிக் கொடுத்து மாதக் கணக்காகிறது. இப்போது வீட்டில் அவன்தான் பாட்டிக்கு, ரோபோ மாதிரியே கையை மடக்கி நீட்டி, கை கழுவச் சொல்லித் தருகிறானாம். குழாயை மூடுவதை மட்டும் இன்னும் விட்டுவிடுகிறான், தண்ணீர் அதுபாட்டுக்கு ஓடுகிறது என்று பாட்டி போனில் ஒரே புலம்பல்.