வெதுப்பகத்தில் விற்பது பாண்தானே

நடுவர் ஐயா அவர்களே, என் அணித் தோழர்களே, இவ்வளவு நேரமும் எங்களுக்குப் புதுச்சொல் வகுப்பு எடுத்த எதிரணி ஆசிரியர் அவர்களே, மணலில் இருந்து கச்சான் கொறிக்கிற அம்மாமாரே, ஐயாமாரே, பின்னுக்கு மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நிற்கிற தம்பிமாரே, எல்லோருக்கும் வணக்கம்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். கணனியிலும் மெஷினிலும் செய்கிற ஆட்டப் பாட்டுக்கும் அதன் வகைகளுக்கும் வேண்டியது தமிழ்ப் பெயரா, வந்த பெயரா? நான் வந்த பெயர்ப் பக்கம். இதைச் சொன்னதும் முன்வரிசையில் ஒரு ஐயா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பரவாயில்லை ஐயா, பத்து நிமிடம் பொறுங்கள்.

ஆசிரியர் ஒரு பட்டியல் வாசித்தார். ஹவுஸ் என்றால் வீட்டிசை, ட்ரான்ஸ் என்றால் மயக்கிசை, அசிட் என்றால் அமில இசை, கராஜ் என்றால் தரிப்பிட இசை. நீங்களும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன், சொல் அழகாகத்தான் இருந்தது.

ஆனால் ஹவுஸ் இசைக்கும் வீட்டுக்கும் என்ன சம்பந்தம்? சிக்காகோவில் வெயர்ஹவுஸ் என்று ஒரு கிளப் இருந்தது. 1977இல் இருந்து ஃபிராங்கி நக்கிள்ஸ் என்பவர் அங்கே இசைத்தட்டுப் போட்டார். ஆட வந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர்கள், லத்தீன்காரர்கள், ஊரார் ஒதுக்கி வைத்த தன்பாலீர்ப்பு இளைஞர்கள். அங்கே கேட்ட பாட்டைத் தேடி இசைத்தட்டுக் கடைக்குப் போனவர்கள் 'அந்த வெயர்ஹவுஸ் பாட்டு' என்று கேட்டுக் கேட்டு, முன்பாதி தேய்ந்து ஹவுஸ் மட்டும் மிஞ்சியது என்பதுதான் பலரும் சொல்கிற வரலாறு. மொழிபெயர்த்தே தீருவேன் என்றால் களஞ்சிய இசை என்றல்லவா வர வேண்டும்? நெல்லு மூட்டை அடுக்குகிற களஞ்சியம்! வீட்டிசை என்று எழுதினால் கட்டடமும் போச்சு, சிக்காகோவும் போச்சு. நாளைக்கு ஒரு பிள்ளை அதை அம்மா சமைக்கும்போது முணுமுணுக்கிற பாட்டு என்று நினைக்கும்.

கராஜும் அப்படித்தான். நியூயோர்க்கில் ஒரு பழைய வாகனத் தரிப்பிடத்தில் பாரடைஸ் கராஜ் என்ற கிளப் நடந்தது. லாரி லெவன் இசைத்தட்டுப் போட்ட இடம். கிளப்பின் பேர்தான் பாட்டுக்கு வந்தது. எங்கள் ஊரில் கராஜ் இசை என்றால் ஸ்பானர் நிலத்தில் விழுகிற சத்தம்தான். அதற்கும் சில பேர் ஆடுவார்கள், அது வேறு கதை.

ஆசிரியரே, இந்தப் பேர்களில் பாதி பேரே இல்லை, விலாசம். விலாசத்தை மொழிபெயர்த்தால் தபால்காரர் எங்கே போவார்? கிளிநொச்சியை ஒருவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து எழுதினால் கடிதம் வந்து சேருமா?

இது அந்நியர் பழக்கம் என்று நினைக்க வேண்டாம். கூத்திலே வடமோடி, தென்மோடி என்கிறோம். முல்லைத்தீவுக் கோவலன் கூத்துக்கு முல்லைமோடி என்று தனிப்பேர் இருக்கிறது. முல்லைமோடி என்றதும் அந்த மண், அந்த ஆட்டம், வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் எல்லாம் கண்ணுக்கு முன்னால் வருகிறது. அதை ஒரு வெள்ளைக்காரர் 'மல்லிகைப்பூ ஸ்டைல்' என்று எழுதினால் சும்மா இருப்போமா? தவிலைப் 'பீப்பாய் மேளம்' என்று ஒருவர் எழுதினால் கடிதம் போடுகிற முதல் ஆள் எங்கள் ஆசிரியராகத்தான் இருப்பார். தவில் தவிலாகவே போக வேண்டும் என்றால், டெக்னோ டெக்னோவாகவே வரட்டும்.

டெக்னோ என்று சொல்லிவிட்டேன், அதன் கதையையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் டெட்ரொயிட் நகரத்து இளைஞர்களின் இசையை 1988இல் பிரித்தானியாவில் ஒரு தொகுப்பாக வெளியிட்டார்கள். அதற்கு முதலில் வைக்க இருந்த தலைப்பு 'டெட்ரொயிட்டின் ஹவுஸ் ஒலி'. அதாவது, பக்கத்து ஊரான சிக்காகோக்காரன் பேரிலே. அந்த இளைஞர்களில் ஒருவரான ஹுவான் அட்கின்ஸ் விடவில்லை. எங்களுடையது டெக்னோ என்று நின்றார், தொகுப்பும் டெக்னோ என்ற பேரில்தான் வந்தது. எங்கள் வீடுகளில் 31ஆம் நாள் துடக்குக் கழித்துப் பிள்ளைக்குப் பேர் வைப்பது யார்? தாயும் தகப்பனும். பக்கத்து வீட்டு மாமா பலகாரம் சாப்பிட்டுவிட்டு ஆசீர்வதித்துப் போகலாம், அவ்வளவுதான்.

சரி, ஆசிரியரின் பலமான ஆயுதத்துக்கு வருகிறேன். 'வன்னி மண்ணுக்குத் தமிழ்ப் பேர் புதிதா? ஏ9 வீதியில் பேக்கரி வெதுப்பகம் ஆகவில்லையா, ஐஸ்கிரீம் குளிர்களி ஆகவில்லையா, மோட்டார் சைக்கிள் உந்துருளி ஆகவில்லையா?' என்று கேட்டார். உண்மை. வெதுப்பகம் என்ற பலகை இன்றைக்கும் நிற்கிறது. எனக்கும் அந்தச் சொல் பிடிக்கும். வாயில் வைத்தால் சூடு தெரிகிற சொல்.

ஆனால் ஐயா, அந்த வெதுப்பகத்துக்குள்ளே போய் என்ன கேட்டீர்கள்? 'தம்பி, ஒரு றாத்தல் பாண் தாங்கோ.' பாண் போர்த்துக்கேயச் சொல். பலகை மாறியது, பாண் மாறவில்லை. மாற்ற வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவும் இல்லை, ஏனென்றால் பாண் நாங்கள் சம்பலோடு தின்று எங்களுடையதாக்கிய சாமான். பைலாவும் அப்படித்தான், அதுவும் போர்த்துக்கேயம். கல்யாண வீட்டில் பைலா போட்டால் எழும்பி ஆடுகிறவர்களில் தமிழாசிரியர்களும் உண்டு. பேர் சொல்ல மாட்டேன்.

அதனால் நான் ஒன்றை விட்டுக்கொடுக்கிறேன். கடைப் பலகைக்கு, அதாவது முழு இசைக்கும் ஒரு பொதுப்பேர் வேண்டும் என்றால் தமிழில் வையுங்கள், நானே ஏணி பிடிக்கிறேன். ஆனால் முதலில் உங்கள் அணி ஒரு முடிவுக்கு வரட்டும். ஒருவர் மின்னணு நடன இசை என்றார், அடுத்தவர் இலத்திரனியல் நடன இசை என்றார். முதலாவது தமிழ்நாட்டில் இருந்து வந்தது, இரண்டாவது எங்கள் பள்ளிப் புத்தகச் சொல், அதுவும் இலத்திரன் என்ற கடன்சொல்லுக்கு வேட்டி கட்டியது. பின்னுக்கு நிற்கிற தம்பிமார் இரண்டையும் சொல்வதில்லை. அவர்களுக்கு அது டீஜே பாட்டு.

இந்த இசையில் வகையும் பேரும் எப்படிப் பிறக்கின்றன என்று எனக்கு விளங்கியது கவிழ்த்து வைத்த ஒரு சைக்கிளில்தான். தொண்ணூறுகளில் இங்கே கரண்ட் இல்லை, பற்றரி வருவதற்கும் தடை. மாமா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோ வயரை ரேப் றெக்கோடருக்குக் கொடுப்பார். பாட்டுக் கேட்பது அவர், பெடல் சுற்றுவது நான். கை சோர்ந்தால் பாடகருக்குத் தொண்டை கட்டிவிடும். 'டேய், சுத்தடா!' என்று அதட்டுவார். பயத்தில் விசுக்கினால் அதே பாடகர் பெண்குரலில் பாடுவார். ஒருநாள் நான் வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றினேன். சோகப்பாட்டு இன்னும் சோகமாகி, பக்கத்து வீட்டு ஆச்சி வேலியால் எட்டிப் பார்த்து 'அது என்ன பாட்டு மோனை, புதுசோ?' என்று கேட்டா.

ஆச்சி கேட்டது சரியான கேள்வி. 1980களின் பிற்பாதியில் பெல்ஜியத்தில் நிமிடத்துக்கு 45 சுற்றில் ஓட வேண்டிய இசைத்தட்டை 33இல் ஓட்டினார்கள். பாட்டு கனத்து, இழுபட்டு, புதுசாகக் கேட்டது. கூட்டம் அதற்கு ஆடியது, நியூ பீட் என்று பேர் வந்தது. வேகம்தான் இங்கே பாதி இலக்கணம். ஹவுஸ் நிமிடத்துக்கு 120 தொடக்கம் 130 தாள அடி, நாலு தட்டும் சமமாக விழும். டப்ஸ்டெப் 140 அளவில் நிற்கும். ட்ரம் அன் பேஸ் 170ஐ ஒட்டி ஓடும், எனக்கு அந்த வயது போய்விட்டது. இந்தப் பேரைச் சொன்னால் ஜப்பானில் இருக்கிற பிள்ளைக்கும் எந்த வேகத்தில் தட்ட வேண்டும் என்று தெரியும். மயக்கிசை என்றால் எனக்கே தெரியாது, சத்திரசிகிச்சைக் கட்டில்தான் நினைவுக்கு வரும்.

எனக்கு எதிரான ஒரு சாட்சியையும் நானே கூப்பிடுகிறேன், பிறகு ஒளித்தேன் என்று சொல்லக்கூடாது. ரோலண்ட் டிபி-303 என்று ஒரு சின்னப் பெட்டி. கிட்டார்காரருக்குப் பின்னால் பேஸ், அதாவது தாழ்ந்த சுருதி, வாசிக்கச் செய்த இசைக்கருவி. விலைபோகவில்லை, 1984இல் உற்பத்தியை நிறுத்தினார்கள். சிக்காகோப் பெடியள் பழசாக மலிவுக்கு வாங்கி, குமிழைக் கண்டபடி திருகி, 1987இல் அசிட் ஹவுஸ் என்ற வகையைக் கொண்டு வந்தார்கள். ஆனால் 1982இலேயே மும்பையில் சரண்ஜித் சிங் என்ற கலைஞர் அதே பெட்டியில் பத்து ராகங்களை டிஸ்கோ அடிக்கு வாசித்து இசைத்தட்டாக வெளியிட்டிருந்தார். அது விற்கவில்லை. 2010இல் மறுபதிப்பு வந்த பிறகுதான் உலகம் வாயில் விரல் வைத்தது. 'பார்த்தீர்களா, நாங்கள் பேர் வைக்காததால் பறிகொடுத்தோம்' என்று ஆசிரியர் எழும்புவார். இல்லை ஐயா. அங்கே பேர் இல்லாமல் போகவில்லை, ஆடக் கூட்டம் இல்லாமல் போனது.

தென்னாபிரிக்காவில் கூட்டம் இருந்தது. அங்கே பிறந்த அமாபியானோ என்ற ஆட்ட இசையின் பேருக்குப் பொருள் சூலு மொழியில் வெறும் 'பியானோக்கள்'. சாமானைச் செய்தவர்கள் தங்கள் வாயில் வந்ததைச் சொன்னார்கள், இலண்டன்காரரும் அதையே சொல்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் பகலில் மோட்டார் சைக்கிள் திருத்துவார், இரவில் பழைய கணனியில் பாட்டுச் செய்வார். போன மாதம் பெரியப்பாவின் உடுக்கைப் போனில் பதிந்து, அதற்குக் கீழே 128இல் அடி போட்டிருந்தார். போட்டுக் காட்டினார். உடுக்கின் தோல் இழுபடுகிற அந்த 'ங்கும்' சத்தத்தைப் பேஸாக்கி வைத்திருக்கிறார். கேட்டுக்கொண்டிருந்த பெரியப்பாவின் கால் தானாகத் தட்டத் தொடங்கிவிட்டது. இது என்ன வகை தம்பி என்று கேட்டேன். 'இன்னும் முடியேல்லை அண்ணை' என்றார். எட்டிப் பார்த்தேன், கணனியில் அது 'பைனல் 7' என்று கிடந்தது.

மணி அடித்துவிட்டது, நடுவர் ஐயா. இருக்கிறேன்.