"வருத்தப்பட்டு" என்றால் என்ன? கிரேக்க வினைச்சொற்களில் அடி, உழைப்பு, தேய்மானம்

(திரையில்: ஒரு தேவாலயச் சுவர், அதில் பெரிய எழுத்தில் ஒரு வசனம்)

"வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே! நீங்கள் எல்லாரும் என்னிடத்தில் வாருங்கள்." எந்த மதத்தவராக இருந்தாலும் இந்த வரியை எங்கேயாவது ஒரு சுவரில் பார்த்திருப்பீர்கள். மத்தேயு நற்செய்தி, 11ஆம் அதிகாரம், 28ஆம் வசனம். படித்தவுடன் யார் முகம் நினைவுக்கு வருகிறது? மனக்கவலையில் இருப்பவர், துக்கத்தில் இருப்பவர், இல்லையா?

கிரேக்க மூலத்தில் அங்கே நிற்கிற சொல் "கொப்பியோந்தெஸ்". அதில் துக்கம் இல்லை, கவலையும் இல்லை. உழைத்து உழைத்து உடம்பு ஓய்ந்துபோனவர்கள் என்பதுதான் அதன் பொருள். மூட்டை தூக்கி இறக்கியவர்கள், வலை இழுத்தவர்கள், வெயிலில் அறுவடை செய்தவர்கள். அழைப்பு முதலில் அவர்களுக்குத்தான். இது தெரிந்த நாளிலிருந்து அந்த வசனத்தை என்னால் பழையபடி படிக்க முடியவில்லை.

சரி, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? அடியிலிருந்து.

(திரையில்: கோடாரி மரத்தில் இறங்கும் காட்சி, சத்தத்துடன்)

"கொப்தோ" என்று ஒரு பழைய கிரேக்க வினை. அடிப்பது, வெட்டுவது, தட்டுவது எல்லாம் இதற்குள் அடங்கும். மரத்தை வெட்டினாலும் கொப்தோ, கதவைத் தட்டினாலும் கொப்தோ. இழவு வீட்டில் பெண்கள் மாரடித்து அழுவதற்கும் இதே வினையைத்தான் சற்று வடிவம் மாற்றிச் சொன்னார்கள். தமிழில் "மாரடிப்பது" என்றாலே அழுகை புரிந்துவிடுகிற மாதிரி, கிரேக்கத்தில் தன்னையே அடித்துக்கொள்வது என்றாலே ஒப்பாரி புரிந்துவிடும். நாம் எழுதும்போது போடுகிற கமாவும் இந்த வேரில் பிறந்ததுதான். "கொம்மா" என்றால் வெட்டியெடுத்த துண்டு.

இந்தக் கொப்தோவிலிருந்து பிறந்த பெயர்ச்சொல் "கொப்பொஸ்". முதலில் அதற்கு அடி என்று பொருள். அப்புறம் களைப்பு. அப்புறம் களைப்பைத் தருகிற உழைப்பு. அடி எப்படிக் களைப்பாக மாறும் என்று கேட்டால், நாள் முழுக்க வேலை செய்துவிட்டு வந்து படுப்பவரிடம் கேளுங்கள். "உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு" என்பார். கொப்பொஸ் என்பது அந்த வாக்கியம் முழுவதையும் ஒரே சொல்லில் அடைத்தது. கிரேக்க மருத்துவர்களும் இதைக் கவனித்திருக்கிறார்கள். ஹிப்போக்ரதேஸ் பெயரில் வழங்கும் மருத்துவ வாசகங்களில் ஒன்று, காரணமில்லாமல் வருகிற கொப்பொஸ் நோய்க்கு அறிகுறி என்கிறது. வேலை செய்யாமலே அடித்துப்போட்ட மாதிரி இருந்தால் உள்ளே ஏதோ சரியில்லை என்று அர்த்தம்.

அந்தக் கொப்பொஸிலிருந்து வந்த வினைதான் "கொப்பியாவோ". பழைய தமிழ் வேதாகமத்தை எடுத்து வைத்துக்கொண்டு இந்த ஒரு வினை எங்கெல்லாம் வருகிறது என்று பாருங்கள்.

(திரையில்: நான்கு வசனங்கள், ஒன்றன்பின் ஒன்றாக)

காட்டுப் பூக்களைப் பற்றி: "அவைகள் உழைக்கிறதுமில்லை, நூற்கிறதுமில்லை." கொப்பியாவோ இங்கே உழைப்பு. ராத்திரி முழுக்க வலைபோட்டும் மீன் கிடைக்காத பேதுரு: "இராமுழுவதும் நாங்கள் பிரயாசப்பட்டும் ஒன்றும் அகப்படவில்லை." இங்கே பிரயாசம். நடந்து வந்து சமாரியக் கிணற்றருகே உட்காரும் இயேசு: "பிரயாணத்தினால் இளைப்படைந்தவராய்." இங்கே இளைப்பு. நாம் தொடங்கிய வசனத்தில் வருத்தம். உழைப்பு, பிரயாசம், இளைப்பு, வருத்தம் என்று தமிழில் நான்கு சொற்கள். கிரேக்கத்தில் நான்கு இடத்திலும் ஒரே வினை. களைத்துக் கிணற்றடியில் உட்கார்ந்தவரும், களைத்தவர்களை வா என்று கூப்பிட்டவரும் ஒருவரே என்பது கிரேக்கத்தில் படிப்பவர் காதில் தானாக விழும். நமக்கு அது விழுவதில்லை.

மொழிபெயர்த்தவர்கள் தவறு செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. "வருத்தம்" என்ற சொல்லுக்குப் பழைய பொருளே உடலை வருத்தும் உழைப்புதான். "முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்" என்கிறது குறள். அங்கே வருத்தம் என்றால் துக்கமா? உடம்பு பட்ட பாடு. அந்தப் பொருளில்தான் வசனத்திலும் வருத்தம் வந்து உட்கார்ந்திருக்கிறது. சொல் அதே இடத்தில் இருக்கிறது, அதன் பொருள்தான் இத்தனை காலத்தில் உடம்பிலிருந்து மனதுக்கு இடம் மாறிவிட்டது.

யாழ்ப்பாணத்தில் கேட்டால் இன்னொரு பொருள் கிடைக்கும். அங்கே "அவருக்கு வருத்தம்" என்றால் உடம்பு சரியில்லை. வருத்தக்காரர் என்றால் நோயாளி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அடுத்து நான் சொல்லப்போகிற கிரேக்க வினை இதே வழியில் நடந்திருக்கிறது.

(திரையில்: கொல்லன் உலை, சிவந்த உலோகம்)

"கம்னோ." இலியட் காவியத்தின் 4ஆம் பாடலில் மெனெலாவோஸ் என்ற கிரேக்க அரசன் மீது ஓர் அம்பு பாய்கிறது. உயிர் தப்புகிறான். அம்பின் வேகத்தைக் குறைத்தவற்றில் ஒன்று அவன் இடுப்பில் கட்டியிருந்த உலோகக் கச்சை. வெண்கலக் கொல்லர்கள் "கம்னோ" செய்த கச்சை என்கிறார் ஹோமர். பாடுபட்டுச் செய்த கச்சை. செய்தார்கள் என்ற வினைக்குள்ளேயே அவர்கள் பட்ட களைப்பும் இருக்கிறது. பெயர் தெரியாத அந்தக் கொல்லர்களின் வியர்வை ஓர் அரசனின் இடுப்பைக் காப்பாற்றிய இடம் அது. எனக்கு மிகவும் பிடித்த வரி.

அதே ஹோமரின் ஒடிசியில், பாதாள உலகத்தில், இறந்துபோன வீரன் அக்கிலெஸின் ஆவி, உயிரோடு அங்கே வந்த கதாநாயகன் ஒடிசியஸிடம் கேட்கிறது: உணர்வில்லாத இறந்தவர்கள், "கமொந்தெஸ்" ஆன மனிதர்களின் நிழல்கள் வசிக்கும் இந்த இடத்துக்கு எப்படித் துணிந்து வந்தாய்? கமொந்தெஸ் என்றால் கம்னோ செய்து முடித்தவர்கள். பாடுபட்டு ஓய்ந்தவர்கள். இறந்தவர்களுக்கு ஹோமர் வைத்த பெயர் அது.

பிற்காலத்து ஏதென்ஸிலும் மருத்துவ நூல்களிலும் "கம்னொந்தெஸ்" என்றால் நோயாளிகள். ஆக, செய்தல், களைத்தல், நோயுறுதல், இறத்தல் எல்லாம் ஒரே வினையின் பாதையில் இருக்கின்றன. யாழ்ப்பாணத்து வருத்தக்காரரும் கிரேக்கத்துக் கம்னொந்தெஸும் ஒருவருக்கொருவர் தெரியாமலே ஒரே வழியில் வந்து சேர்ந்தவர்கள்.

கம்னோ இன்னும் சாகவில்லை. இன்றைய கிரேக்கத்தில் அது "கானோ" என்று குறுகி, சாதாரணமாக "செய்" என்று ஆகிவிட்டது. ஏதென்ஸில் இரண்டு பேர் தெருவில் பார்த்துக்கொண்டால் கேட்பது "தி கானிஸ்?" எப்படி இருக்கிறாய் என்று அர்த்தம். சொல்லுக்குச் சொல் பார்த்தால், என்ன செய்கிறாய். இன்னும் பழைய பொருளில் பார்த்தால், என்ன பாடுபடுகிறாய்.

தேய்மானத்துக்கு வருவோம்.

(திரையில்: படியில் பாதம் பட்டுத் தேய்ந்த குழி)

"திரிபோ" என்றால் தேய்ப்பது, உரசுவது. பலர் நடந்து தேய்ந்த ஒற்றையடிப் பாதை "திரிபொஸ்". காலத்தைக் கழிப்பதும் திரிபோதான், நாளைத் தேய்ப்பது என்கிற மாதிரி. அதிலிருந்து "தியாதிரிபே" வந்தது. பொழுதைக் கழிக்கும் இடம், பேசிக் கழிக்கும் நேரம், கடைசியில் தத்துவ ஆசிரியரின் பாடம். எபிக்தேதோஸ் என்ற தத்துவ ஆசிரியரின் உரைகளுக்கு இந்தப் பெயர்தான். அவர் அடிமையாக வாழ்க்கையைத் தொடங்கியவர், தேய்வது என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"திரிபோன்" என்றால் தேய்ந்துபோன போர்வை. சாக்ரதேஸ் போர்த்திக்கொண்டது இதைத்தான். பிளேட்டோவின் விருந்து உரையாடலில், குளிர்கால இரவில் அந்தப் போர்வைக்குள் போய்ப் படுத்ததை அல்கிபியாதேஸ் சொல்கிறான். நகரத்திலேயே பணக்கார அழகன் ஒருவன், நைந்த துணியை ஒரு பொருட்டாகச் சொல்கிற இடம். அப்புறம், இதே "திரிபோன்" என்ற சொல்லுக்கு அனுபவசாலி என்றும் பொருள் உண்டு. ஒரு வேலையில் தேய்ந்தவர்தான் அதில் தேர்ந்தவர். நம்முடைய "அடிபட்டவர்" என்ற பேச்சுக்கு இது பக்கத்து வீடு.

1966இல் பிரிட்டனில் உராய்வையும் தேய்மானத்தையும் ஆராயும் துறைக்கு ஒரு பெயர் தேவைப்பட்டபோது இந்த வேரைத்தான் எடுத்தார்கள். டிரைபாலஜி. இயந்திரங்களின் பேரிங்கும் கியரும் எப்படித் தேய்கின்றன என்று படிக்கிற படிப்புக்கு சாக்ரதேஸின் போர்வைச் சொல்.

இதுவரை சொன்ன சொற்களில் உழைப்பவருக்கு எந்த அவமானமும் இல்லை. இனி வருவதில் இருக்கிறது.

(திரையில்: கறுப்புப் பின்னணியில் ஒரே ஒரு சொல், "பொனொஸ்")

"பொனொஸ்" என்றால் கடும் உழைப்பு, அதோடு வலி. இதன் வினை "பெனொமாய்", பாடுபட்டுப் பிழைப்பது. அப்படிப் பிழைப்பவர் "பெனேஸ்". இந்தச் சொல்லை ஏழை என்று மொழிபெயர்ப்பார்கள், ஆனால் பிச்சைக்காரருக்குக் கிரேக்கத்தில் வேறு சொல், "ப்தோகொஸ்". கி.மு. 388இல் அரங்கேறிய அரிஸ்தோபனேஸின் நாடகத்தில் வறுமையே ஒரு பெண்ணாக மேடையேறி இந்த வித்தியாசத்தை வாதாடுகிறாள். பிச்சைக்காரன் ஒன்றுமே இல்லாமல் வாழ்கிறவன். பெனேஸ் சிக்கனமாக இருந்து தன் வேலையைக் கவனிக்கிறவன். அவனுக்கு மிச்சமும் இல்லை, குறைவும் இல்லை. தினக்கூலி வீட்டுக் கணக்கு இதைவிடச் சுருக்கமாக வராது.

இந்தக் குடும்பத்தில்தான் "பொனேரொஸ்" பிறந்தது. பொனொஸ் நிறைந்தவர், பாடுபடுகிறவர். ஹெசியோத் என்ற பழைய கவிஞரின் பெயரில் கிடைக்கும் ஒரு துண்டுப் பாடலில் ஹெராக்லேஸை அவன் தாய் "மிகவும் பொனேரொஸ், மிகவும் சிறந்தவன்" என்று ஒரே மூச்சில் சொல்கிறாள். பன்னிரண்டு கடும் பணிகளைச் செய்தவனுக்குப் பொருத்தமான சொல்தானே? ஆனால் கி.மு. 5ஆம் நூற்றாண்டு ஏதென்ஸுக்கு வரும்போது அதே சொல்லுக்குக் கெட்டவன், தீயவன் என்று பொருள் வந்துவிட்டது. மக்களாட்சியை வெறுத்த ஒரு மேட்டுக்குடி எழுத்தாளர் அந்தக் காலத்தில் எழுதிய சிறு நூல் ஒன்று இருக்கிறது. அதில் ஏழை மக்களைக் குறிக்க அவர் திரும்பத் திரும்பப் போடும் சொல் பொனேரோய். தன்னைப் போன்றவர்களுக்கு வைத்த பெயர் "நல்லவர்கள்". கடும் உழைப்பைக் குறிக்கும் "மொக்தொஸ்" என்ற இன்னொரு சொல்லுக்கும் இதே கதி. அதிலிருந்து வந்த "மொக்தேரொஸ்" பாடுபடுபவன் என்று தொடங்கி அயோக்கியன் என்று முடிந்தது. ஒரு சொல்லுக்கு நடந்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம். இரண்டுக்கும் நடந்திருக்கிறது. பாடுபடாதவர்கள் கையில் பேனா இருந்தது என்பதைத் தவிர எனக்கு வேறு விளக்கம் தோன்றவில்லை, அது எனக்கு இன்றும் வலிக்கிறது. "தீமையினின்று எங்களை இரட்சித்துக்கொள்ளும்" என்ற ஜெபத்தில் தீமை என்று நாம் சொல்கிற இடத்திலும் கிரேக்கத்தில் நிற்பது பொனேரொஸ்தான்.

கடைசியாக, அடிக்கே அடிப்படையான வினை. "துப்தோ", அடிக்கிறேன்.

(திரையில்: தட்டச்சு இயந்திரத்தின் எழுத்து காகிதத்தில் விழுகிறது)

அடி விழுந்த இடத்தில் பதியும் தடம் "துப்பொஸ்". இயேசுவின் சீடர் தோமா "ஆணிகளினாலுண்டான காயத்தை" நான் பார்க்க வேண்டும் என்று சொல்லும்போது காயத்துக்கு நிற்கும் சொல் இதுதான். இதிலிருந்துதான் டைப் வந்தது. நாம் "டைப் அடிக்கிறேன்" என்கிறோம். யோசித்துப் பார்த்தால் அதில் அடி இரண்டு தடவை இருக்கிறது.

கிரேக்க இலக்கணம் படித்த பிள்ளைகள் பல நூற்றாண்டுகள் மனப்பாடம் செய்தது இந்த வினையைத்தான். அலெக்சாந்திரியாவின் தியோதோசியோஸ் என்ற இலக்கண ஆசிரியர் துப்தோவை எடுத்து, எல்லாக் காலத்திலும், தன்மை, முன்னிலை, படர்க்கை என்ற எல்லா இடத்திலும் அதன் வடிவங்களை வரிசையாக அடுக்கினார். துப்தோ, துப்தேய்ஸ், துப்தேய். ஆனால் அந்தப் பட்டியலில் உள்ள பல வடிவங்களை ஏதென்ஸில் யாரும் பேசியதில்லை. அடிக்கிறேன் என்பதற்குத் துப்தோ சரி. அடித்தேன் என்று சொல்ல வேண்டுமானால் வேறு வேரிலிருந்து "எபதக்ஸா". அடிபட்டேன் என்றால் மூன்றாவது ஒரு வேரிலிருந்து "எபிளேகேன்". நீதிமன்றத்துக்கு உரை எழுதிக்கொடுத்த லுசியாஸ், முதலில் அடிபட்டவன் நானா, அடித்தவன் நானா என்று ஒரு வழக்கில் கேட்க வைக்கும்போது இந்த இரண்டு வேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். தமிழில் நிகழ்காலத்துக்கு அடிக்கிறேன், இறந்தகாலத்துக்கு அறைந்தேன், எனக்கு விழுந்தால் குட்டுப்பட்டேன் என்று மட்டுமே சொல்ல முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி. அந்த "எபிளேகேன்" வேரில் பிறந்த "பிளேகே" என்ற அடிதான் லத்தீன் வழியாகப் போய் பிளேக் நோயின் பெயரானது.

யாரும் பேசாத வடிவங்களை அந்தப் பிள்ளைகள் எப்படி மனப்பாடம் செய்தார்கள்? இதற்கும் சான்று இருக்கிறது. எகிப்தில் கிரேக்கம் படித்த ஒரு மாணவனின் எழுதுபலகை கிடைத்திருக்கிறது. ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதிப் பழகியிருக்கிறான்.

(திரையில்: மெழுகுப் பலகை, கோணல்மாணலான எழுத்து)

"பிலொபொனேய், ஓ பாய், மே தரேஸ்." பொனொஸை நேசி, பையா, இல்லாவிட்டால் தோல் உரிந்துவிடும்.