இரு மழைகளுக்கு நடுவே

அவையோர் அனைவர்க்கும் வணக்கம்.

இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழையும் ஐப்பசி மழையும் எட்டிப்பார்க்கும் இந்தப் பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில் வண்ணத்துப்பூச்சிகளின் வலசையைப் பற்றிப் பேசுவது பொருத்தமே. ஜூன் தொடக்கத்தில் தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் இறங்கும் முன்பே, ஏப்ரல் முதற்கொண்டு, நீல வரியன், கருநீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் முதலியவை மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளை விட்டுக் கிழக்கே சமவெளிக்கும் அதற்கப்பாலுள்ள மலைகளுக்கும் புறப்படுகின்றன. அக்டோபர், நவம்பரில் மேற்கே திரும்புகின்றன. வெயிலில் சிறகு விரித்து உடலைச் சூடேற்றிக்கொண்டாலன்றிப் பறக்க இயலாத இவற்றுக்கு நாள்கணக்கில் விடாத அடைமழை ஆகாது.

காட்டைக் காத்தால் போதும் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். வழியில் இவை எங்கே தங்குகின்றன என்பதை யாரும் கேட்பதில்லை. வரப்போரத்தில் காய்ந்து நிற்கும் கிலுகிலுப்பைச் செடியை அருகே சென்று பாருங்கள். ஆண் வரியன்கள் தண்டைக் காலால் கீறி, கசியும் சாற்றை உறிஞ்சுகுழலால் எடுத்துக்கொண்டிருக்கும். விரலை நீட்டினாலும் சட்டென்று எழுந்து போகாது. அது பசிக்கான உணவன்று. அச்சாற்றிலுள்ள ஆல்கலாய்டு என்னும் கசப்பு வேதிப்பொருள்களைக் கொண்டுதான் அவை பெண்ணைக் கவரும் வாசனையை உண்டாக்குகின்றன. அதே கசப்பு பறவைகளிடமிருந்தும் அவற்றைக் காக்கிறது. தேள்கொடுக்குச் செடியும் அவ்வாறே. இரண்டையும் நாம் களையென்று பிடுங்கி எறிகிறோம், அல்லது மருந்தடித்துக் கருக்குகிறோம். உழவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. பயிருக்குள் நிற்பதைப் பிடுங்கத்தான் வேண்டும். ஆனால் வேலியோரத்தில் நிற்பதையும் ஏன் விட்டுவைப்பதில்லை?

இவற்றின் உறவான வட அமெரிக்க மோனார்க், குளிர்காலத்தைக் கழிக்கும் மெக்சிகோ மலைகளை வெளியுலக அறிவியலார் கண்டுகொண்டதே 1975-ல்தான். பல ஆண்டுகளாகச் சிறகில் சிறு அடையாளச் சீட்டு ஒட்டிப் பறக்கவிட்ட பொதுமக்கள் அந்தத் தேடலில் பெரும்பங்கு வகித்தார்கள். நமக்குச் சீட்டும் வேண்டாம். ஐப்பசியில் வெயிலடிக்கும் ஒரு காலையில், இரண்டு தென்னைகளுக்கு இடைப்பட்ட வெளியை எல்லையாகக் கொண்டு, ஐந்து நிமிடத்தில் அதைக் கடப்பவை எத்தனை, எத்திசையில் செல்கின்றன, காற்று எங்கிருந்து வீசுகிறது என்று தேதியோடு குறித்து வையுங்கள். ஆண்டுதோறும் அதே இடத்தில், அதே முறையில் குறித்தால்தான் கணக்கு ஒப்பிட உதவும்.